ஒரே கார், ஒரே கம்பெனி, பிரீமியம் மட்டும் ஏன் இரண்டரை மடங்கு?

கேள்வியை ஒருமுறை திருப்பிச் சொல்லிப் பார்க்கிறேன். உங்களுக்கு 41 வயது, தம்பிக்கு 24. இருவரிடமும் ஒரே மாடல் கார், ஒரே வருடத்து வண்டி. நீங்கள் ஒன்பது வருடமாக க்ளெய்ம் எதுவும் வாங்கவில்லை. தம்பி வண்டி ஓட்டத் தொடங்கி இரண்டு வருடம், அவரும் எங்கும் இடித்ததில்லை. ஒரே கம்பெனியில் கேட்டால் அவருக்கு உங்களைப் போல் இரண்டரை மடங்கு பிரீமியம் வருகிறது. "இதற்கு ஃபார்முலா உண்டா, இல்லை ஏஜென்ட் வாய்க்கு வந்ததைச் சொல்கிறாரா? தம்பி வண்டியையும் என் பெயரிலேயே போட்டுவிட்டால் என்ன?" என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்கு அடியில் இன்னொரு கேள்வி இருப்பதாகத் தோன்றுகிறது: தப்பே செய்யாத பையனிடம் ஏன் இவ்வளவு வாங்குகிறார்கள்? மோட்டார் காப்பீட்டில் விலை நிர்ணயிக்கும் பிரிவில் 17 வருடம் வேலை பார்த்திருக்கிறேன். இந்தக் கேள்வியை எனக்கே என் வீட்டில் கேட்டிருக்கிறார்கள்.

ஏஜென்ட்டை விட்டுவிடுங்கள். அவர் விவரங்களைத் தட்டுகிறார், தொகை திரையில் வருகிறது. சில கம்பெனிகளில் கொஞ்சம் கழிவு கொடுக்கும் அதிகாரம் அவருக்கு இருக்கலாம். இரண்டரை மடங்கு வித்தியாசம் அங்கிருந்து வராது.

அடிப்படைக் கணக்கு எளிது. கீழே வரும் எண்கள் கணக்கு புரிவதற்காக நானே போட்டவை, நாணயம் எதுவாகவும் வைத்துக்கொள்ளுங்கள். 100 கார்களுக்கு வருடத்தில் 6 க்ளெய்ம் வருகிறது, ஒரு க்ளெய்முக்குச் சராசரியாக 40,000 செலவாகிறது என்றால், ஒரு காருக்கு 0.06 பெருக்கல் 40,000, அதாவது 2,400. யார் இடிப்பார்கள் என்று தெரியாததால் எல்லோரிடமும் 2,400 வாங்க வேண்டும். அலுவலகச் செலவு ஒரு பாலிசிக்கு 300 என்றால் 2,700. கமிஷன், லாபம், எதிர்பாராத இழப்புக்கான ஒதுக்கீடு எல்லாம் சேர்ந்து பிரீமியத்தில் 25 சதவீதம் என்று வைப்போம். இங்கே புதிதாக வேலைக்கு வருபவர்கள் 2,700க்கு மேல் 25 சதவீதத்தைக் கூட்டி 3,375 என்று எழுதிக்கொண்டு வருவார்கள். அது போதாது. கமிஷன் இறுதி பிரீமியத்தின் மேல்தான் போகிறது, எனவே 2,700ஐ 0.75ஆல் வகுக்க வேண்டும்: 3,600. வரி தனி.

இந்த 3,600 யாருக்குமான விலை அல்ல. இதை அடிப்படையாக வைத்து, ஒவ்வொரு விவரத்துக்கும் ஒரு பெருக்கெண் போடுகிறோம். தம்பிக்கு வயதுக்காக 1.45, வசிக்கும் பகுதிக்காக 1.10, க்ளெய்ம் இல்லாத இரண்டு வருடத்துக்காக 0.75 என்று வைத்தால், பெருக்கி வருவது ஏறக்குறைய 1.196, பிரீமியம் 4,306. உங்களுக்கு வயது 0.95, பகுதி 1.00, ஒன்பது வருடச் சுத்தமான கணக்குக்கு 0.50, பெருக்கினால் 0.475, பிரீமியம் 1,710. நீங்கள் சொன்ன இரண்டரை மடங்கு வந்துவிட்டது. இதில் எந்தப் பெருக்கெண்ணும் தனியாகப் பார்த்தால் பயமுறுத்துவதாக இல்லை. கூட்டாமல் பெருக்குவதால்தான் இப்படி விரிகிறது. (சின்ன இடைச்செருகல்: "50 சதவீதம் தள்ளுபடி" என்று பெரிதாக எழுதியிருந்தால் ரொம்பச் சந்தோஷப்பட வேண்டாம். பாதிப் பேர் பெரிய தள்ளுபடியில் இருந்தால் மொத்த வசூல் குறையும் என்று தெரிந்துதான் அடிப்படை விலையையே ஏற்றி வைக்கிறோம்.)

இந்த 1.45 எங்கிருந்து வந்தது என்று அடுத்துக் கேட்பீர்கள். கம்பெனியின் பல வருட க்ளெய்ம் பதிவுகளிலிருந்து. ஆனால் இளைஞர்களின் சராசரியை எடுத்து மற்றவர்களின் சராசரியோடு ஒப்பிட்டால் தவறாகிவிடும். இளைஞர்கள் பலர் பழைய சின்னக் கார் வைத்திருப்பார்கள், நெரிசலான பகுதியில் வாடகைக்கு இருப்பார்கள், இரவில் அதிகம் ஓட்டுவார்கள். வயதுக்கு ஒரு முறை, பகுதிக்கு ஒரு முறை என்று தனித்தனியாகக் கணக்கிட்டுப் பெருக்கினால் ஒரே ஆபத்துக்கு இரண்டு முறை பணம் வாங்கியதாகிவிடும். எல்லா விவரங்களையும் ஒன்றாக வைத்து, ஒவ்வொன்றின் பங்கையும் பிரித்தெடுக்க வேண்டும். அதற்கான புள்ளியியல் முறையை ஜான் நெல்டர், ராபர்ட் வெட்டர்பர்ன் இருவரும் 1972இல் ஒரு கட்டுரையில் கொடுத்தார்கள். பொதுமைப்படுத்திய நேர்கோட்டு மாதிரி என்று சொல்லலாம். ஆபீசில் ஜிஎல்எம் என்றுதான் சொல்வோம். புதிய இயந்திரக் கற்றல் முறைகள் எவ்வளவோ வந்துவிட்டாலும் கார் காப்பீட்டில் இன்றும் இதற்குத்தான் மவுசு, காரணம், கட்டுப்பாட்டு அதிகாரி "இந்த எண் ஏன்?" என்று கேட்டால் ஒரு பக்கத்தில் எழுதிக் காட்ட முடியும். க்ளெய்ம் எத்தனை முறை வரும் என்பதற்கு ஒரு மாதிரி, வந்தால் எவ்வளவு செலவாகும் என்பதற்கு இன்னொரு மாதிரி. நகரத்தில் அடிக்கடி உரசல் நடக்கும், செலவு குறைவு. நெடுஞ்சாலையில் எப்போதாவது நடக்கும், நடந்தால் கை எரியும். இரண்டையும் கலந்துவிட்டால் எது எதனால் என்பது தெரியாமல் போகும்.

சரி, இப்போது கனமான கேள்விக்கு வருவோம். தம்பி இரண்டு வருடம் ஒரு கீறல்கூட இல்லாமல் ஓட்டியிருக்கிறார், அது எதையும் நிரூபிக்கவில்லையா? கொஞ்சம் நிரூபிக்கிறது. எவ்வளவு கொஞ்சம் என்று கணக்குப் போட்டுப் பார்த்தபோது எனக்கே முதலில் சங்கடமாக இருந்தது. வருடத்துக்கு 0.06 க்ளெய்ம் எதிர்பார்க்கப்படும் நல்ல ஓட்டுநர்கள் 100 பேர், அதற்கு இரண்டு மடங்காக 0.12 எதிர்பார்க்கப்படும் மோசமான ஓட்டுநர்கள் 100 பேர் என்று எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு வருடம் கழித்து, எதிலும் மாட்டாதவர்கள் நல்லவர்களில் 89 பேர், மோசமானவர்களில் 79 பேர். "எனக்கு விபத்தே நடந்ததில்லை" என்று இருவகையினரும் உண்மையாகவே சொல்வார்கள். அந்த 168 பேரில் யார் எந்த வகை என்று பிரிக்க அந்தச் சுத்தமான பதிவு ஏறக்குறைய உதவவே உதவாது. ஒன்பது வருடம் கழித்துப் பாருங்கள்: நல்லவர்களில் 58 பேர், மோசமானவர்களில் 34 பேர்தான் மிச்சம். இப்போது அந்தப் பதிவு பேச ஆரம்பிக்கிறது. உங்களுக்கு 0.50 கிடைப்பதற்கும் தம்பிக்கு 0.75 கிடைப்பதற்கும் பின்னால் இருப்பது இந்தக் கணக்குதான்.

விபத்து அவ்வளவு அரிது என்பதுதான் இதற்குக் காரணம். அரிதான ஒன்று நடக்காமல் இருப்பது பெரிய சாட்சி ஆகாது. ஒருவருடைய சொந்தப் பதிவு போதாதபோது, அவரைப் போன்றவர்களின் பதிவைத்தான் கடன் வாங்க வேண்டியிருக்கிறது. 24 வயது, இரண்டு வருட அனுபவம், இந்தப் பகுதி, இந்தக் கார் என்று இருக்கும் ஆயிரக்கணக்கானவர்கள் என்ன செய்தார்கள் என்பதை வைத்துத்தான் தம்பிக்கு விலை. அவர் யார் என்று கம்பெனிக்குத் தெரியாது. வருடங்கள் ஏற ஏற, கூட்டத்தின் கணக்கு தேய்ந்து சொந்தக் கணக்கு வளரும். 1959இல் ராபர்ட் பெய்லி, லிராய் சைமன் என்ற இரு ஆக்சுவரிகள் (காப்பீட்டு ஆபத்தைக் கணக்கிடும் நிபுணர்கள்) கனடாவின் கார் காப்பீட்டுப் பதிவுகளை வைத்து இதே கேள்வியைக் கேட்டார்கள்: ஒரே ஒரு காரின் ஒரு வருடப் பதிவுக்கு எவ்வளவு மதிப்பு? சிறியதுதான், ஆனால் அளக்கக்கூடிய மதிப்பு உண்டு என்பது அவர்கள் கண்ட முடிவு. எங்கள் தொழிலின் நோ க்ளெய்ம் போனஸ் (க்ளெய்ம் இல்லாத வருடங்களுக்கான தள்ளுபடி) அட்டவணைகள் அந்தச் சிறிய மதிப்பைச் சாதாரண ஆட்களுக்குப் புரியும்படி எழுதியவை.

அட்டவணை நாட்டுக்கு நாடு மாறும். பிரான்சில் சட்டமே வகுத்த முறை: எல்லோரும் 1.00இல் தொடங்குவார்கள், தன் தவறால் விபத்து இல்லாத ஒவ்வொரு வருடமும் 5 சதவீதம் குறையும், 0.50க்குக் கீழே போகாது. அங்கே போய்ச் சேர 13 வருடம் ஆகும். தன் தவறால் ஒரு விபத்து என்றால் ஒரே அடியாக 25 சதவீதம் ஏறும், உச்சம் 3.50. இந்தியாவில் போனஸ் 20 சதவீதத்தில் தொடங்கி ஐந்து சுத்தமான வருடங்களில் 50ஐ எட்டுகிறது, ஆனால் சொந்த வண்டிச் சேதத்துக்கான பகுதிக்கு மட்டும். அங்கே தேர்ட் பார்ட்டி, அதாவது நம் வண்டியால் பிறருக்கு வரும் பாதிப்புக்கான பகுதியின் கட்டணத்தை அரசு அறிவிக்கிறது. தனியார் கார்களுக்கு இன்ஜின் அளவைப் பார்த்துத்தான் விலை, ஓட்டுகிறவருக்கு வயது 24ஆ 64ஆ என்பது அந்தப் பகுதியில் வராது. ஆகவே யாராவது "இளைஞர் என்றால் இத்தனை மடங்கு" என்று பொதுவாகச் சொன்னால், எந்த நாட்டில், பாலிசியின் எந்தப் பகுதிக்கு என்று கேளுங்கள்.

இந்த எண்கள் வெறும் இயந்திரத்திலிருந்து கொட்டுபவை என்று நினைத்துவிட வேண்டாம். ஒரு வருடம் பகுதிவாரிப் பெருக்கெண்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கம்பக்கம் எல்லாம் 0.9, 1.0 என்று இருக்க, நடுவில் ஒரு சின்னப் பகுதி மட்டும் 1.8. உள்ளே போய்ப் பார்த்தால் மொத்தம் இருநூற்றுச் சொச்சம் கார்கள், ஐந்து வருடத்தில் ஐம்பது க்ளெய்ம், எல்லாம் பம்பர், கண்ணாடி வகையறா. ஒன்றே ஒன்று மட்டும் நடந்துபோனவரை மோதியது, அவருக்கு வாழ்நாள் முழுதும் பராமரிப்புச் செலவு. அந்த ஒரு கோப்பு மட்டும் மற்ற நாற்பத்தொன்பதைப் போல் பல மடங்கு. அந்த விபத்து அந்தத் தெருவில் நடக்க வேண்டும் என்று விதி எதுவும் இல்லை, வேறு எங்கும் நடந்திருக்கலாம். ஒரு வரம்புக்கு மேலான தொகையை வெட்டியெடுத்து நாடு முழுக்க எல்லோர் மேலும் தூவினோம். அந்தப் பகுதி 1.0 பக்கத்தில் வந்து நின்றது. வரம்பை எங்கே வைப்பது என்பது ஒரு மனிதனின் முடிவு. இன்னொருவர் வேறு இடத்தில் வைத்திருப்பார், அந்தத் தெருக்காரர்கள் வேறு விலை கொடுத்திருப்பார்கள். இரண்டு கம்பெனிகள் ஒரே ஆளுக்கு இரண்டு விலை சொல்வதில் ஒரு பங்கு இதுதான்.

இன்னொரு முறை ஜனவரி 1ஆம் தேதி பிறந்தவர்கள் மட்டும் வினோதமாகத் தனித்துத் தெரிந்தார்கள். ஜாதகம் எதுவும் இல்லை. பிறந்த தேதி தெரியாதபோது பதிவு செய்பவர்கள் அந்தத் தேதியைத் தட்டிவிட்டிருந்தார்கள்.

காரைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை, உங்கள் இருவருக்கும் ஒரே கார்தானே. விலை உயர்ந்த கார் என்பதை விட, பழுது பார்க்க விலை உயர்ந்த கார் என்பதுதான் முக்கியம். முன்பெல்லாம் பம்பர் என்றால் பம்பர். இப்போது அதற்குள் சென்சார், கண்ணாடிக்குப் பின்னால் கேமரா. கண்ணாடியை மாற்றினால் கேமராவைத் திரும்பச் சரிபார்த்து அமைக்க வேண்டும். பாதுகாப்பு வசதிகள் விபத்தைக் குறைக்கின்றன, நடக்கும் விபத்தின் பில்லை ஏற்றுகின்றன. அப்புறம், சிவப்புக் காருக்குப் பிரீமியம் அதிகம் என்பது கட்டுக்கதை. நான் வேலை பார்த்த எந்த மாதிரியிலும் நிறம் இருந்ததில்லை.

இதுவரை சொன்னவற்றில் வயது, அனுபவம், பகுதி, முந்தைய க்ளெய்ம்கள், எத்தனை கிலோமீட்டர் ஓட்டுகிறார் என்பவை உறுதியானவை. எந்த நாட்டுப் பதிவை எடுத்தாலும் அவற்றின் தடம் தெரியும். வயதின் கோடு மட்டும் நேராக இருக்காது: ஆரம்பத்தில் உச்சம், இருபதுகளின் நடுவில் வேகமாக இறங்கும், பிறகு நீண்ட சமதளம், எழுபதுக்கு மேல் மெல்ல ஏறும். பிறகு சண்டைக்குரிய விவரங்கள் சில உண்டு. பெண்களுக்குக் குறைந்த பிரீமியம் என்பது ஐரோப்பாவில் வெகுகாலம் இருந்தது. இளம் ஆண்களின் க்ளெய்ம்கள் கடுமையானவை என்பதைப் பதிவுகளும் காட்டின. ஆனாலும் 2011 மார்ச்சில் ஐரோப்பிய நீதிமன்றம், பாலினத்தை வைத்து விலை வைப்பது சமத்துவத்துக்கு எதிரானது என்று தீர்ப்பளித்தது. 2012 டிசம்பர் 21 முதல் அங்கே புதிய பாலிசிகளில் அதைப் பயன்படுத்த முடியாது. அமெரிக்காவில் கடன் வாங்கித் திருப்பிக் கட்டும் வரலாற்றை வைத்து ஒரு மதிப்பெண் போட்டு, அதைக் கார் பிரீமியத்தில் சேர்ப்பது பல மாநிலங்களில் நடக்கிறது. கலிஃபோர்னியா, மாசசூசெட்ஸ், ஹவாய் போன்றவை அனுமதிப்பதில்லை. கலிஃபோர்னியாவில் 1988இல் மக்கள் வாக்கெடுப்பில் வந்த சட்டம், ஓட்டுநரின் பதிவு, வருடாந்திரத் தூரம், அனுபவ வருடங்கள் ஆகிய மூன்றுக்கும் முன்னுரிமை தர வேண்டும் என்கிறது.

கடன் மதிப்பெண்ணுக்கும் க்ளெய்முக்கும் தொடர்பு இருப்பது புள்ளிவிவரத்தில் தெரிகிறது. ஆனால் கடன் தவணை தவறியவர் ஏன் பிரேக்கைத் தாமதமாக மிதிக்க வேண்டும் என்பதற்கு எல்லோரும் ஒப்புக்கொள்ளும் விளக்கம் கிடையாது. எதையும் சொந்தக் காசில் பழுது பார்க்க வசதியில்லாததால் சின்ன க்ளெய்மையும் கேட்கிறார்கள் என்பது ஒரு விளக்கம், அவ்வளவுதான். என் கருத்தைக் கேட்டால், ஒரு விவரம் கணக்கில் வேலை செய்கிறது என்பது மட்டும் அதைப் பயன்படுத்தப் போதுமான நியாயம் ஆகாது. என் பழைய சக ஊழியர்கள் பாதிப் பேர் இதை ஏற்க மாட்டார்கள்.

தம்பிக்கு உருப்படியான வழி ஒன்று உண்டென்றால் அது ஓட்டும் விதத்தை அளக்கும் பாலிசி. காரில் ஒரு சின்னப் பெட்டியோ போனில் ஒரு செயலியோ வைத்து, எவ்வளவு தூரம், எந்த நேரம், எத்தனை முறை திடீர் பிரேக், என்ன வேகம் என்று பார்ப்பார்கள். விபத்து அரிது, ஆனால் திடீர் பிரேக் தினமும் நடப்பது. மேலே சொன்ன 89, 79 சிக்கலை இது உடைக்கிறது: ஒன்பது வருடம் காத்திருக்காமல் சில மாதங்களிலேயே ஆள் யார் என்று ஓரளவு தெரிந்துவிடும். அதற்கு விலையாக, அவர் எங்கே போகிறார் என்பது ஒரு கம்பெனிக்குத் தெரியும். தூரம் பாதியானால் பிரீமியமும் பாதியாகும் என்று மட்டும் எதிர்பார்க்க வேண்டாம்; அதிகம் ஓட்டுபவர்கள் பெரும்பாலும் நெடுஞ்சாலையில், பழகிய கையோடு ஓட்டுகிறார்கள், அதனால் கிலோமீட்டருக்கு அவர்களுடைய விபத்து குறைவு.

இன்னொன்று, ஆபத்தின் விலையும் நீங்கள் கட்டும் விலையும் ஒன்றல்ல. யார் நாலு இடம் விசாரிப்பார், யார் வருடா வருடம் கண்ணை மூடிக்கொண்டு புதுப்பிப்பார் என்பதையும் கம்பெனிகள் கணித்தன. பிரிட்டனில் இது ஊர்ப்பேச்சாகி, பழைய வாடிக்கையாளருக்குப் புதியவரைவிட அதிக விலை சொல்லக் கூடாது என்று 2022 ஜனவரி முதல் விதியே வந்தது. நீங்கள் கட்டும் பிரீமியத்திலும் இந்தக் கலப்படம் கொஞ்சம் இருக்கலாம். ஒவ்வொரு கம்பெனியும் தன் பெருக்கெண்களைப் பூட்டித்தான் வைத்திருக்கும். உங்கள் இரண்டு விலைகளில் வயதுக்கு எவ்வளவு, பகுதிக்கு எவ்வளவு என்று வெளியிலிருந்து என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால் நீங்களே ஓரளவு கண்டுபிடிக்கலாம். இணையத்தில் விலை கேட்கும்போது மற்ற எல்லாவற்றையும் அப்படியே வைத்து ஒரே ஒரு விவரத்தை மட்டும் மாற்றிப் பாருங்கள், இரண்டு தொகைகளையும் வகுத்தால் அதன் பெருக்கெண் கிடைக்கும். விலை தெரிந்துகொள்ள மட்டும். பாலிசி எடுக்கும்போது உண்மை விவரம்தான். நீங்களே ஏற்கும் தொகையைக் கூட்டிப் பார்க்கவும் மறக்க வேண்டாம், சின்ன உரசல்களைக் கையிலிருந்து கட்ட ஒப்புக்கொண்டால் பிரீமியம் இறங்கும்.

கடைசியாக, வண்டியை உங்கள் பெயரில் போடுவது. உங்கள் பெயரில் எடுத்து, தம்பியைக் கூடுதல் ஓட்டுநராகக் காட்டி, உண்மையில் அவரே தினமும் ஓட்டினால், அது முக்கிய ஓட்டுநர் யார் என்று கேட்டதற்குப் பொய்ப் பதில். க்ளெய்ம் பிரிவில் இதைக் கண்டுபிடிக்கப் பெரிய சாமர்த்தியம் தேவையில்லை. காலை எட்டேகாலுக்கு தம்பியின் ஆபீஸ் வாசலில் விபத்து, சீட் அவர் உயரத்துக்கு நகர்த்தி வைத்திருக்கிறது, பார்க்கிங் அட்டை அவர் பெயரில். க்ளெய்மை மறுக்கவோ பாலிசியையே ரத்து செய்யவோ அது போதும், அதன்பின் எந்தக் கம்பெனியின் படிவத்திலும் "இதற்கு முன் ரத்தானதுண்டா?" என்ற கேள்விக்கு நீங்கள் ஆம் என்று எழுத வேண்டியிருக்கும். தம்பி தன் பெயரில் எடுக்காதவரை போனஸ் வருடங்களும் அவர் கணக்கில் ஏறாது. இன்னும் ஏழு வருடம் உங்கள் பெயரில் ஓட்டிவிட்டு 31 வயதில் தனியாக விலை கேட்டால், பல கம்பெனிகளில் அவரும் பூஜ்யத்திலிருந்துதான் தொடங்குவார். உங்கள் வண்டியையே எப்போதாவது எடுத்து ஓட்டுகிறார் என்றால் அவரைக் கூடுதல் ஓட்டுநராகச் சேர்ப்பது முறையானதுதான், அதைத் தயங்காமல் செய்யுங்கள்.